நெஞ்சளவு தண்ணீரில் தவமணி அக்கா

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் குசினியில் பிள்ளைகளுக்குப் பாண் வெட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் புஸ்பம். எங்கள் பழைய தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவள். "கலா, தவமணி அக்கா போயிட்டா" என்றாள். "எங்கை?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

நோய் இருந்தது தெரியும். மருத்துவமனைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை போக நினைத்த சனிக்கிழமை பனி கொட்டியது. வீதி வழுக்கும், அடுத்த கிழமை போகலாம் என்று இருந்துவிட்டேன்.

இறுதிக்கிரியைக்கு வந்திருந்தவர்களில் அநேகமானோர் வெக்ஸ்போர்ட் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள். சொந்தம் என்று சொல்ல லண்டனிலிருந்து வந்த தம்பி ஒருவர் மட்டும். அவர் என்னிடம் வந்து, "அக்கா இஞ்ச பிளேன் ஏறி மீன் பிடிக்கப் போனவவாம், உண்மையோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் அந்த நிலைமையிலும் சிரித்தார்கள். நம் எல்லோருக்கும் அது ஒரு பகிடிக் கதையாகவே தெரியும். அது பகிடி அல்ல. அன்று தம்பிக்குச் சுருக்கமாகச் சொன்னதை, அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே முழுவதும் எழுதுகிறேன்.

ஆற்றில் இறங்கி நின்று மீன் பிடிப்பவர்கள் போடும் உடுப்பைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். பாதத்திலிருந்து நெஞ்சு வரை ஒரே துண்டாக வரும். தோளில் பட்டி கொண்டு மாட்டவேண்டும். உள்ளே தண்ணீர் வரக்கூடாது. ஆங்கிலத்தில் அதற்கு வேடர்ஸ் என்று பெயர். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்ட அக்கா என்னிடம் குனிந்து, "வேடருக்கு உடுப்புச் செய்யவோ நான் கனடாவுக்கு வந்தனான்?" என்றார். அந்த நிமிடத்தில் நாங்கள் சிநேகிதமானோம். அவருக்கு நாற்பது கடந்திருந்தது, எனக்கு முப்பது.

நான் தைப்பேன். என் தையலின்மேல் அக்கா நாடாவை வைத்து, சூடான மெஷினில் அழுத்தி ஒட்டுவார். ஊசி போன ஒவ்வொரு துளையும் அதில் அடைபடவேண்டும். பிறகு உடுப்புக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். அது வேறு ஆட்களின் வேலை. ஆனாலும் அக்கா மதிய இடைவேளையில் போய், தான் ஒட்டியவற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் ஒன்றில் முழங்காலுக்குப் பின்பக்கம் ஒரு துளி நின்றது. அன்று அவர் சாப்பிடவில்லை. "ஒரு துளிதானே அக்கா" என்றேன். "உள்ளுக்கு நிக்கிறவனுக்கு அது ஒரு துளி இல்லை" என்றார்.

முதலாளி வால்டர் ஒவ்வொரு வருடமும் யூன் முதல் கிழமையில் கியூபெக்கின் வடக்கே ஒரு மீன்பிடி விடுதிக்குப் போவார். அங்கே வீதி கிடையாது. ஏரியில் இறங்கும் சின்னப் பிளேனில்தான் போகலாம். பனி கரைந்து ஆறு பெருகியதும் கடலிலிருந்து முதலாவதாக ஏறி வரும் சால்மன் மீன்கள்தான் பெரியவையாம். விற்பனைப் பகுதியினர் இருவரைக் கூட்டிக்கொண்டு போய், புதிய உடுப்புகளைப் போட்டு ஆற்றில் நின்று பார்த்துவிட்டு வருவார். தொண்ணூற்றாறாம் ஆண்டு அந்த இருவரும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஏப்ரலில் ஒருநாள் சாப்பாட்டு அறைக்குள் வந்த வால்டர், "இரண்டு இடம் காலி. யார் வருகிறீர்கள்?" என்று பகிடியாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. சோற்றுப் பெட்டியை மூடிவைத்தார்.

"கலா, நான் வாறன் எண்டு சொல்லு."

"அக்கா, அவர் சும்மா கேக்கிறார்."

"நான் சும்மா சொல்லேல்லை. சொல்லு."

சொன்னேன். இன்னும் பெரிதாகச் சிரிப்பு எழுந்தது. வால்டர் ஏன் என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்தே தமிழில் சொன்னார்: "மூண்டு வருசமா நான் ஒட்டுறன். உள்ளுக்குத் தண்ணி வருதோ இல்லையோ எண்டு நான்தானே நிண்டு பார்க்க வேணும்." மொழிபெயர்த்து முடித்தபோது வால்டர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். பிறகு, "சரி. நீயும் வா, இவள் சொல்வது எனக்கு விளங்கவேண்டுமே" என்று என்னிடம் சொன்னார்.

வீட்டில் என் கணவர் நம்பவில்லை. "மீன் வேணுமெண்டால் கடையில கிடக்குது. உதுக்கு என்னத்துக்குப் பிளேன் ஏறுறாய்?" என்றார். பிறகு அக்காவோடு தொலைபேசியில் கதைத்தார். என்ன கதைத்தார்களோ தெரியாது, வைத்துவிட்டு, "போட்டு வா. அவவைத் தனிய விடாதை" என்று மட்டும் சொன்னார். ஆனால் றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒரு அன்ரி விடவில்லை. "ரெண்டு பொம்பிளையள் வெள்ளைக்காரனோட காட்டுக்குப் போறியளாம்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நான் குறுகிப் போனேன். அக்கா திருநீற்றைப் பூசிக்கொண்டே, "ஓம் அன்ரி. உங்களுக்குத் தலைப்பக்கமோ வால்பக்கமோ வேணும்?" என்றார்.

ஆறு கிழமைகள் ஆயத்தம் நடந்தது. விடுதியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளி கொண்டு வரவும். நுளம்பு வலை கொண்டு வரவும். பிளேன் சின்னது, பொதி பாரமாக இருக்கக்கூடாது. அக்கா தன் பையை என் வீட்டுக் குளியலறைத் தராசில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இரண்டாவது சப்பாத்து, வெளியே. நல்ல சுவெற்றர், வெளியே. மிளகாய்த்தூள் போத்தலைக் கையில் எடுத்தவர் திரும்ப உள்ளே வைத்தார். "இது பாரமில்லை, இது மருந்து" என்றார்.

மதிய இடைவேளையில் தொழிற்சாலையின் பின்பக்கக் கார்த் தரிப்பிடத்தில் வால்டர் எங்களுக்குத் தூண்டில் வீசப் பழக்கினார். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளித் துண்டு கட்டியிருந்தது. நீளமான தடியைப் பின்னால் கொண்டு போய், நூல் முழுக்க விரியும்வரை காத்திருந்து, பிறகுதான் முன்னால் வீசவேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பு வரவே இல்லை. என் நூல் லொறிக் கண்ணாடியில் சுற்றியது; ஒருமுறை வால்டரின் தொப்பியைக் கழற்றியது. புஸ்பமும் மற்றவர்களும் யன்னலில் நின்று கைதட்டினார்கள். அக்காவின் நூல் மட்டும் சத்தமில்லாமல் விரிந்து போய் விழும். "எப்படி அக்கா?" என்று கேட்டேன். "காத்திருக்கிறதுதானே. எனக்கு அது பழக்கம்" என்றார். அப்போது நான் அந்தப் பதிலை யோசித்துப் பார்க்கவில்லை.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை என்னைத் தன் அப்பாட்மென்ற்றுக்கு வரச் சொன்னார். குளியல் தொட்டி நிரம்பி இருந்தது. புது வேடர்ஸைப் போட்டுக்கொண்டு அதற்குள் இறங்கி உட்கார்ந்தார். நான் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தினேன். அக்காவின் கைகள் நடுங்கின. பற்கள் அடித்தன. தண்ணீர் இளஞ்சூடாகத்தான் இருந்தது. நான் அவரைப் பிடித்துத் தூக்கி, தொட்டி விளிம்பில் இருத்தினேன். அப்போதுதான் சொன்னார். அவருடைய கணவர் காணாமல் போனவர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுறதெண்டால் கிளாலிக் கடலேரியில தண்ணிக்குள்ள நடந்து போய்த்தானே படகில ஏற வேணும். அண்டைக்குப் படகு பிந்திட்டுது, பொழுது வெளிக்கத் தொடங்கிட்டுது. அவர் என்னைத் தூக்கி ஏத்தினவர். பையை எடுக்கத் திரும்பேக்க நேவியின்ர சூடு விழத் தொடங்கிட்டுது. படகுக்காரன் எடுத்திட்டான். நான் கத்தினன். ஆர் கேக்கிறது? அவர் அப்பிடியே நிண்டவர், கலா. தண்ணி அவருக்கு இஞ்ச வரைக்கும்." நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். வேடர்ஸின் மேல்விளிம்பு சரியாக அந்த இடத்தில் இருந்தது. "அதுக்குப் பிறகு கண்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நான் எல்லாரையும் கேட்டிட்டன்."

"அப்ப ஏன் அக்கா இந்தப் பயணம்? வேண்டாம், வால்டரிட்டை நான் சொல்லுறன்" என்றேன்.

"இல்லை. அவர் நிண்ட இடத்தில நிண்டால் என்ன தெரியும் எண்டு எனக்குப் பார்க்க வேணும். அங்க போகேலாது. இஞ்ச ஒரு ஆறாவது இருக்குத்தானே."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்தத் தொட்டிக்குள் இருந்தார். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. புறப்படுகிற கிழமையில், "இண்டைக்குத் தேத்தண்ணி குடிச்சு முடிக்குமட்டும் இருந்தனான்" என்று பெருமையாகச் சொன்னார்.

பிளேன் ஏரியில் இறங்கியபோது மரங்களுக்கு அடியில் இன்னும் பனி கிடந்தது. மூச்சு புகையாக வந்தது. மறுநாள் காலை ஆற்றுக்குப் போனோம். தேத்தண்ணி நிறத்தில், சத்தம் போட்டுக்கொண்டு ஓடிய பெரிய ஆறு. வழிகாட்டி பிரெஞ்சு மட்டும் பேசுகிற ஒரு வயதானவர். அக்காவின் முழங்கையைப் பிடித்து, ஆறு வளைந்து தண்ணீர் அமைதியாக நிற்கிற ஒரு பக்கமாக இறக்கினார். நான் கரையில் நின்றேன். முழங்கால். தொடை. இடுப்பு. அங்கே வழிகாட்டி நிறுத்தினார். "இன்னும்" என்றார் அக்கா, தமிழில். வழிகாட்டிக்கு விளங்கியது. இன்னும் நாலு அடி வைத்தார்கள். தண்ணீர் நெஞ்சுக்குக் கிட்ட வந்தது. அக்கா தூண்டிலை வழிகாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கரைப்பக்கம் திரும்பினார்.

நடுங்கவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மேலே நின்று வீசிக்கொண்டிருந்த வால்டர்கூட நூலைச் சுற்றி எடுத்துவிட்டார்.

கரையேறியதும் அக்கா வால்டரைப் பார்த்து, "நோ வோட்டர்" என்றார். வால்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"கலா, அங்கயிருந்து பார்த்தால் கரை எவ்வளவு கிட்டத் தெரியுது தெரியுமோ? உன்ர முகம், நீ பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டது, எல்லாம் தெரிஞ்சுது. எனக்குப் படகில இருந்து அவர் சின்னதாத்தான் தெரிஞ்சவர். அவருக்கு நான் அப்பிடி இருந்திருக்க மாட்டன். நான் ஏறி இருந்ததை அவர் வடிவாக் கண்டிருப்பார். தப்பிட்டாள் எண்டு கண்டிருப்பார்."

அழுதார். நாங்கள் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. வழிகாட்டி தன் கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா ஒரு பெரிய மீனைப் பிடித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படம் சாப்பாட்டு அறையில் வெகுகாலம் தொங்கியது. விடுதிக் குசினியில் மிளகாய்த்தூள் போட்டு அவர் குழம்பு வைத்ததும், வால்டர் கண்ணீர் வடிய இரண்டாம் தரம் கேட்டதும் உண்மைதான்.

திரும்பி வந்தபிறகும் அக்கா விசாரிப்பதை நிறுத்தவில்லை. ஊரிலிருந்து யார் புதிதாக வந்தாலும் போய்க் கேட்பார். நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதையைத் தொடங்கும் விதம் மாறிவிட்டது. முன்பு, "நான் அவரை விட்டிட்டு வந்திட்டன்" என்று தொடங்குவார். பிறகு, "அவர் என்னை ஏத்தி அனுப்பினவர்" என்று தொடங்கினார். மருத்துவமனையில் தாதியொருத்தி கணவரைப் பற்றிக் கேட்டபோதும் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அன்று ஆற்றில் அவர் நின்றதை நான் படம் எடுக்கவும் இல்லை. கமரா கழுத்தில் தொங்கியது நினைவிருக்கவில்லை. என்னிடம் இருப்பது அந்தப் பார்வை. என் வாழ்நாளில் வேறெவரும் என்னை அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவர் தேடியது என்னை அல்ல என்று தெரியும். ஆனாலும் அது என் முகத்தில்தான் விழுந்தது. கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னதற்கு அன்று நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நானும் உங்களை வடிவாக் கண்டனான், அக்கா.