எல்லாரும் உயிரோடிருக்கும் படம்

கடலோர வாடகை வீடுகளில் விடுமுறைக்கு வந்து தங்கும் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் பார்க்கும் பட டிவிடிகளும் கதைப் புத்தகங்களும் வாடகைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. படக்கார அக்கா என்பார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எது பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அன்று காலை மாடி வீட்டிலிருந்து ஒரு தாய் போன் செய்தாள்.

"அக்கா, நேத்து குடுத்த கரடிக்குட்டி படத்துல அப்பா கரடி செத்துப்போகுது. இதுங்க அப்பா போய் ரெண்டு மாசம்தான் ஆகுது. பெரியவ இன்னும் வாயே திறக்கல."

படக்கார அக்கா போனை வைத்தாள். கைக்கு வந்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சின்னவள் வாசலிலேயே கேட்டாள். "எல்லாரும் உயிரோட இருக்கிற படம் இருக்கா ஆன்ட்டி?"

"ஏன் இல்லாம, கண்ணு" என்று பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒன்றில் இளவரசிக்குத் தாய் இல்லை. இன்னொன்றில் பிள்ளைகள் அனாதைகள். வாத்துக்குஞ்சு புத்தகத்தில்கூட அம்மா வாத்து முதல் பக்கத்திலேயே போய்விடுகிறது. இத்தனையையும் சிரிப்புக் கதை என்று சொல்லித்தான் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறாள்.

"இது?"

"வேணாம் கண்ணு."

"அப்ப இது?"

தாய் குனிந்து படங்களை மறுபடி பைக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

"விடுங்க அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க."