சம்பந்தியின் செட்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் லேப். கீழே டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். மேலே நாங்கள் பல் செட் செய்து கொடுப்போம். அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது என் வேலை. மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் பொருந்துகிறதா என்று பார்த்து, மெருகேற்றி முடிப்பது எதிர் நாற்காலியில் உட்காரும் அக்காவின் வேலை. கிளினிக்கிலும் சரி, தெருவிலும் சரி, அவர் பல்செட் அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அக்காவுக்கும் இங்கிலீஷுக்கும் ரொம்ப தூரம். ஆனால் ஒரு சொல் மட்டும் நாள் முழுக்க வாயில் உருளும். பிளாஸ்டர் இறுகினால், “செட் ஆயிடுச்சு.” மெழுகில் பல் வைத்தால், “செட் பண்ணியாச்சு.” புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டே வாரத்தில் சொல்லாமல் நின்றுவிட்டபோது, “அவருக்கு நம்ம இடம் செட் ஆகலை.” அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், வாலிபால் பைத்தியம். விடுமுறை நாளில் ஒரே ஒரு செட் ஆடிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, ஐந்து செட்டும் ஆடி நொண்டிக்கொண்டு வருவார். ஆகவே அந்தச் சொல்லில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மருமகள் வந்தாள். மகனோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள், வேறு மொழிக்காரி. தமிழ் அரைகுறை. மாமியாரும் மருமகளும் பாதி தமிழ், கால் இங்கிலீஷ், மீதி கை ஜாடை என்று ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையைக் காட்டி ‘செட்’ என்று ஏதோ கேட்டாள். தட்டு எடுத்து வைக்கட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். அக்கா அதை மேசையில் குறை கண்டதாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, மேசையும் ஆறு நாற்காலியுமாக ஒரு புது செட்டை வாங்கி இறக்கிவிட்டார். ஆபீஸிலிருந்து வந்த மருமகள் அதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ரொம்பத் தாராளம் என்று சந்தோஷப்பட்டாளாம்.

அவளுக்கு ஒரே ஒரு குறை, அவள் அப்பா. மனைவியை இழந்த மனிதர். தூரத்தில் தனியாக இருந்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. போன் செய்தால் ‘ம்’, ‘சரி’ இரண்டோடு முடித்துவிடுவார். கல்யாணம் பிடிக்காத கோபம் என்று அவள் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தாள். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் அவராகவே, வந்து ஒரு வாரம் இருக்கிறேன் என்றார். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷும் தமிழுமாகத் தன் அப்பாவின் சுபாவத்தை விளக்கினாள். அதில் அக்காவின் காதில் விழுந்தது, ‘அப்பா’, ‘வெரி’, ‘செட்’ என்ற மூன்றுதான்.

“இவ்வளவுதானா? இதுக்கா கண்ணு கலங்குறே?” என்றார் அக்கா. “எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நான் பார்த்துக்கறேன், விடு.”

மருமகள் நிம்மதியாகப் போனாள். அக்கா மறுநாள் லேபில் என்னிடம், சம்பந்திக்குப் பல் செட்டாம், பாவம், என்றார்.

சம்பந்தி வந்தார். உயரமான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, இறுக மூடிய உதடுகள். எல்லோரும் விழுந்து விழுந்து கவனித்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்காரர் ஒரு தட்டு நிறைய வறுத்த பருப்பை நீட்டினார். சம்பந்தி கையால் தள்ளிவிட்டார். “கொஞ்சம் கர்வம் ஜாஸ்திதான்” என்று வீட்டுக்காரர் அக்காவின் காதைக் கடித்தார்.

அக்கா வேறு கணக்கில் இருந்தார். அன்றைய சாப்பாட்டில் கடிக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. மசித்த உருளைக்கிழங்கு, காய்கறி சூப், குழைய வெந்த சோறு, வாயில் வைத்தால் கரையும் பழம். சம்பந்தி மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்த தலை நிமிராமல் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா இப்படிச் சாப்பிட்டுப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று என்று மருமகள் வியந்தாள். அவர் ஒரு பக்கமாகவே மெல்வதையும், பேச வாயெடுத்தால் நாக்கால் கீழ்ப்பல்லை அழுத்திப் பிடித்துக்கொள்வதையும் அக்கா கவனித்துவிட்டார்.

மறுநாள் காலை மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின், வேலை செய்யும் இடத்தைக் காட்டுகிறேன் என்று ஜாடை காட்டி அவரை லேபுக்கு அழைத்து வந்தார். என் ஸ்டூலில்தான் உட்கார வைத்தார். அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பற்களைக் கண்டதும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. அக்கா அதிலிருந்து ஒரு கீழ்வரிசையை எடுத்து, அதையும் அவர் தாடையையும் மாறி மாறிக் காட்டினார்.

“செட்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்டர் கலக்குவதில் மும்முரமாகிவிட்டேன்.

“எஸ்” என்றார் மெல்ல.

“லூஸ்?” என்றார் அக்கா.

நம்மூர்ப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“வெரி லூஸ்” என்றார் அவர். சொன்னவர் எழுந்து திரும்பி நின்று, கைக்குட்டையால் வாயை மறைத்துக் கீழ் செட்டைக் கழற்றி, அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, ஈறு பல இடங்களில் புண்ணாகியிருப்பதாகச் சொன்னார். தாடை சுருங்கிப்போயிருந்தது, செட் அப்படியே இருந்தது. புண்ணுக்கு மருந்து போட்டு, ஆறியதும் புதிதாக அச்சு எடுத்தார். அக்கா மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டார். ஒரு வாரம் என்று வந்தவர், மகளிடம் காரணம் சொல்லாமலே, இதற்காக இன்னும் கொஞ்ச நாள் தங்கினார். புது செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர் முதலில் ஒரு சொல் சொன்னார். பிறகு ஒரு வாக்கியம். பிறகு நிறுத்தவே இல்லை. அவர் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் நானும் அக்காவும் விடாமல் தலையாட்டினோம்.

அன்று சாயங்காலம் அவரே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வேலைக்கென்று ஊரைவிட்டு வந்தபிறகு பற்களை எடுக்கவேண்டி வந்ததாம். மகளுக்குத் தெரிந்தால் கிழவனாகிவிட்டேன் என்று கவலைப்படுவாள் என்று மறைத்தாராம். வாயைத் திறந்து பேசினால் கீழ் செட் துள்ளும். அதனால்தான் ‘ம்’, ‘சரி’. கல்யாணக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் துள்ளிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் வரவில்லையாம்.

அப்படியென்றால் கோபமே இல்லையா என்று மகள் கேட்டாள். இருந்தது, பாதி கோபம், பாதி பல் என்றாராம். பல் சரியானதும் மீதியைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டாராம். மகன் இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டாள் மருமகள்.

“நீதானேம்மா சொன்னே, அப்பாவுக்குப் பல் செட்டுன்னு.”

மருமகள் விழித்தாள். அவள் சொன்னது அதுவே அல்ல. அப்பா பிடிவாதக்காரர், தான் பிடித்த வழியை விட்டு நகராதவர். அதற்கு இங்கிலீஷில் இந்தச் சொல்லையும் போடுவார்கள் என்று மகன் விளக்கினான். முதலில் சிரித்தது சம்பந்திதான். வாய்விட்டு, தைரியமாகச் சிரித்தார்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மறுநாள் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கை கழுவிக்கொண்டே அடுக்கினார்: உறைவது, மறைவது, வைப்பது, கூட்டாளிகள், தயார், பிடிவாதம். அகராதியில் பக்கம் பக்கமாகப் போகும் என்றார்.

“பிடிவாதத்துக்குன்னு தனியா ஒரு சொல் வச்சுக்கக் கூடாதா டாக்டர்?”

“இருக்கே. ஸ்டபர்ன், ரிஜிட், ஃபர்ம்னு ஏழெட்டு இருக்கு.”

“அதுல ஒண்ணை என் மருமக சொல்லியிருந்தா, அந்த மனுஷன் இன்னிக்கும் ‘ம்’முனு உட்கார்ந்திருப்பாரு” என்றார் அக்கா.

சம்பந்தி ஊருக்குப் போய்விட்டார். இப்போது அவரிடமிருந்து போன் வந்தால் லேசில் முடிவதில்லை. மருமகள் போனை சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார். நடுவில் அக்காவையும் கூப்பிடுவார். சாப்பாட்டில் என்ன கடித்தார் என்று இங்கிலீஷில் சொல்வார். அக்கா அதற்குத் தமிழில் பதில் சொல்வார்.