நிற்காமல் ஆடிய நூல்

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே எது சூடாகிறது என்று சொல்லிவிடுவாள் கலைமணி. அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் ஒன்பது வருடம் சால்டரிங் மேசையில் உட்கார்ந்து வந்த பழக்கம் அது. கம்பெனியை மூடிய பிறகு, சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு மேசை போட்டுக்கொண்டாள்.

விசைத்தறிக்காரர்கள் அவளைத் தேடி வருவது கோடையில். சேலையில் பூ விழச் செய்யும் கண்ட்ரோல் பெட்டி, வெயில் ஏறினால் சூடாகி நின்றுவிடும். சும்மா ஒரு ஃபேனை மாட்டினால் அது நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியை இழுத்துப் பெட்டியை அடைத்துவிடும். அதனால் கலைமணி ஒரு சர்க்யூட் செய்தாள். மிளகு அளவில் ஒரு சென்சார். பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். தகடு ஐம்பது டிகிரியைத் தாண்டினால் ஃபேன் ஓடும், ஆறினால் தானே நின்றுவிடும். தறிச் சத்தத்தில் ஃபேன் ஓடுவது காதில் விழாது. அதனால் ஃபேன் வாயில் ஒரு சாண் சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள். நூல் ஆடினால் ஃபேன் ஓடுகிறது என்று அர்த்தம்.

இந்தப் பங்குனியில் இரண்டு பெட்டிகளுக்குச் செய்தாள். ஒன்று இளம்பிள்ளையில் ஜெயபிரகாஷ் வீட்டில், இன்னொன்று புதுச்சத்திரத்தில் மயிலம்மாள் வீட்டில். சென்சாரை எப்போதும் கிளிப் வைத்து ஸ்க்ரூவால் இறுக்குவாள். அந்த வாரம் கிளிப் தீர்ந்துபோயிருந்தது. குளூ கன்னால் பசையை உருக்கி ஒட்டிவிட்டு, அடுத்த வாரம் வந்து கிளிப் போடுவதாகச் சொன்னாள். கொழுந்தன் வீட்டுச் சீர், பிறகு காய்ச்சல் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

சித்திரை வெயிலில், பகல் பதினோரு மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து வந்த புருஷன் பொன்னன் வாசலில் நின்று சிரித்தான்.

"ஏ கலை, வண்டியில உன் முருகன் குப்புற விழுந்து கும்பிடறாரு பாரு."

பெட்ரோல் டேங்கின் மேல் அவள் ஒட்டியிருந்த சின்ன முருகன், பசை இளகி, முகம் கவிழ்ந்து கிடந்தார். கலைமணி பசையைத் தொட்டாள். விரலோடு ஜவ்வு மாதிரி வந்தது. அதே பசை.

சிரிக்காமல் உள்ளே போய் மயிலம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ஜெயபிரகாஷ் எடுத்தான்.

"ஜெயபிரகாஷு, நூல் ஆடுதா?"

"ஜோரா ஆடுதுங்கக்கா. உங்க கை ராசி."

மூச்சு விட்டாள். அவன் பின்னால் தறிச் சத்தமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"தறி ஓடலையா?"

"காலையில இருந்து நிக்குதுங்க. பாவு நூல் பிணைச்சுட்டிருக்கறோம். இனிமேத்தான் போடோணும்."

"இப்பவும் நூல் ஆடுதா?"

"ஆடுதுங்க. ராத்திரி பகல்னு இல்லீங்க, நிக்கறதே இல்லை."

ஆறிக் கிடக்கும் பெட்டியில் ஃபேன் ஓடாது. ஓடக் கூடாது.

"அங்க வேற ஃபேன் ஏதாச்சும் இருக்குதா?"

"பாப்பாவுக்கு ஸ்டாண்டு ஃபேன் வெச்சிருக்கறோம். தறிச் சத்தம் கேட்டாத்தானுங்க தூங்குது. தூளியைப் பெட்டிக்குப் பக்கத்துலயே கட்டிட்டா ரஞ்சிதா."

"தறியைப் போடாத சாமி. பாப்பாவ அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போ. நான் வாரேன்."

"சேலை நாளைக்குப் போகோணுங்கக்கா. மூணு வாரமா ஓடுது, இன்னைக்கு ஒரு மணி நேரத்துல என்னங்க ஆயிரப் போகுது?"

பதில் சொல்வதற்குள் போனுக்குள் தறிச் சத்தம் எழுந்தது. அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. பொன்னன் சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினான்.

இளம்பிள்ளையில் இறங்கியபோது தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உள்ளே நுழைந்ததும் கலைமணியின் மூக்கில் ஏறியது, அடி பிடிக்கிற வாசம். தூளிக்குள் குழந்தை யாழினி வாய் பிளந்து தூங்கினாள். மேலே சிவப்பு நூல் ஸ்டாண்டு ஃபேன் காற்றில் குதித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை.

அவளே மெயினை இறக்கினாள். ஆறக்கூட விடாமல் மூடியைக் கழற்றினாள். சென்சார் பசையோடு கழன்று அந்தரத்தில் தொங்கியது. தகட்டைச் சுற்றிப் படிந்திருந்த பஞ்சு, அதிகமாக வறுத்துவிட்ட ரவை நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.

ஜெயபிரகாஷ் எட்டிப் பார்த்தான். "இது எப்பிடிங்கக்கா?"

"கிளிப் போடாம ஒட்டினது நான்தான். என் தப்பு."

சத்தம் நின்றதில் யாழினி விழித்து வீரிட்டாள். ஜெயபிரகாஷின் மனைவி ரஞ்சிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரே கையால் தூளியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. கலைமணி உதவக் கை நீட்டினாள்.

"நீங்க விடுங்கக்கா," என்றாள் ரஞ்சிதா, முகத்தைப் பார்க்காமல்.

மறுபடி தறியைப் போட முடியாதபடி, பெட்டிக்குக் கரண்ட் வரும் இரண்டு வயரையும் வெட்டிவிட்டுக் கலைமணி வெளியே வந்தாள். பொன்னன் வண்டியில் உட்கார்ந்தபடி போனைக் காதில் வைத்திருந்தான்.

"புதுச்சத்திரமா?"

"நாலாவது தடவை. மணி போகுது, எடுக்க மாட்டேங்கறாங்க."

தறி ஓடும்போது யாருக்கும் போன் சத்தம் கேட்காது. தறி ஓடுகிறது, அங்கே இன்னும் தீ எதுவும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டுதான் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.