கறுத்த விரல் ஸெய்னுதீன்

கிண்ணியா ஸெய்னுதீனின் வலது கைவிரல்கள் ஐந்தும் கறுப்பு. வெள்ளி நைத்திரேற்று பட்ட கறை. "மாப்பிள்ளைக்கு மருதோன்றி, எனக்கு இது" என்று அதையும் பெருமையாக நீட்டிக் காட்டும் ஆள்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் படகை ஓட்டியவன் நான். அவர் அதில் குழாய் இழுக்கும் கூலி. சனிக்கிழமை வகுப்பில் இரசாயனம் படிக்கத் தொடங்கியதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"யோகலிங்கம், ஒரு ஒட்சிசன், அதோட ரெண்டு ஐதரசன். இலத்திரனைப் பங்குபோட்டு ஒட்டிக்கொண்டிருக்குதுகள். அதுதான் தண்ணி! ஆனா ஒட்சிசன் பேராசைக்காரன், தன்ர பக்கம் கூட இழுப்பான். அதாலதான் தண்ணி உப்பைக்கூடப் பிரிச்சுப் போடுது!"

"முதல்ல கயிறைப் பிடியுங்கோ" என்பேன் நான்.

1968இல் தண்ணீர் சோதிப்பவரின் வேலை காலியானது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சொன்னார்: "இண்டைக்குக் கோதுமை மாக்கப்பலுக்கு நீங்கள் சோதிச்சுக் காட்டுங்கோ. அவையள் தண்ணியை ஏற்றால் வேலை உங்களுக்கு. இல்லாட்டிக் குழாய்தான்." ஸெய்னுதீன் பெருநாள் சட்டையோடு வந்து நின்றார்.

கப்பல் இஞ்சினியர் எங்கள் படகுக்கே இறங்கி வந்தார். ஸெய்னுதீன் தொட்டித் தண்ணீரைச் சோதனைக்குழாயில் எடுத்து, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டார். சாடையாக, கொஞ்சமே மங்கினால் நல்ல தண்ணீர். இதுவோ தயிராக வெளுத்தது! வெள்ளி உப்பிலுள்ள குளோரினைக் கண்டு கட்டிப்பிடித்துவிட்டது, அப்படியென்றால் உப்பு. இஞ்சினியர் தலையை ஆட்டிவிட்டு ஏணியைப் பிடித்தார்.

"தண்ணி நல்லது! காலமை நானே குடிச்சனான்!" என்று கத்தினார் ஸெய்னுதீன். லேஞ்சிக் கைக்குட்டையை எடுத்து வேர்த்த முகத்தை ஒற்றினார். பிறகு சோதனைக்குழாயைக் கழுவக் கடல்பக்கம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே உறைந்தார்.

"அல்லாஹ்வே! முதலும் இப்பிடித்தானே கழுவினனான்!"

வேறென்ன செய்வார்? கோப்பையோ சட்டியோ கையோ, படகுக்காரன் எதையும் கடலில்தான் அலசுவான். நான் சிரித்த சிரிப்பில் விழப் பார்த்தேன். கைச்சாடையில் விஷயம் விளங்கிய இஞ்சினியரும் வாய்விட்டுச் சிரித்தார்; மேலேயிருந்து ஒரு போத்தல் காய்ச்சி வடித்த நீர் எடுப்பித்தார். மூன்று தரம் கழுவி மறுபடி சோதித்தால், சும்மா ஒரு மங்கல்! ஸெய்னுதீன் கூட வந்திருந்த ஓவசியரையே தூக்கிச் சுற்றினார். லேஞ்சி மறுபடி முகத்துக்குப் போனது.

அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் எனக்குச் சோறு. அவர் மனைவி ஸாலிஹா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "பயந்தீங்களா?" என்றார்.

"நானா? ஒரு பொட்டும் இல்ல!"

ஸாலிஹா நாங்கள் கொண்டுவந்த போத்தலில் மிஞ்சிய வடித்த நீரைக் கோப்பையில் ஊற்றி, அந்த லேஞ்சியை அதில் நனைத்துப் பிழிந்தார். "விடுங்க ரெண்டு துளி."

புதுச் சோதகர் வெள்ளி நைத்திரேற்றை எடுத்து விட்டார். வெள்ளை வெளேரென்று ஆனது.

"அப்ப இது எந்தக் கடல்?" என்றார் ஸாலிஹா.