காற்றுப் படாத இடம்

நேற்று சாயங்காலம் ஆபீஸுக்கு எதிர்க்கடையில் போண்டா வாங்கித் தின்றேன். கடைசி வாயைப் போட்டதும் கையிலிருந்த எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டைக் காற்று பிடுங்கியது. எங்கோ போகும் என்று பார்த்தால் சுழன்று வந்து என் சட்டை மேலேயே ஒட்டிக்கொண்டது. தட்டிவிடாமல் உள்ளங்கையால் அதை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "சட்டையெல்லாம் எண்ணெயாயிருமுங்க" என்றார். ஆனால் ஆகட்டும் என்று இருந்துவிட்டேன்.

நெஞ்சில் கிடக்கும் செய்தித்தாளின் கதகதப்பு எல்லோருக்கும் தெரிந்ததல்ல. சைக்கிளில் மலை ஏறி வியர்த்த உடம்போடு இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். குளிர்காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடும். அதற்கு எங்கள் கூட்டத்தின் வைத்தியம், டீக்கடையில் ஒரு பழைய பேப்பரைக் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது. அநேகமாக அதில் போண்டா வாசனை இருக்கும். இறங்கும் வழியெல்லாம் பசித்துக்கொண்டே இருக்கும்.

நாங்கள் ஆறு பேர். சில வருடங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு ஈரோட்டில் கிளம்பி, நாமக்கல்லில் தங்கி, கொல்லிமலை ஏறி இறங்கி, ராசிபுரம், சேலம் என்று சுற்றி ஊர் திரும்புவதாகத் திட்டம். லோகநாதன் அண்ணன் தறிப்பட்டறைக்காரர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் ரகசியம் பேசினாலும் நாலு ஊட்டுக்குக் கேட்கும். அவர் மனைவி சிவகாமி அக்கா கணக்கு டீச்சர். அண்ணனின் தோள் உயரம்கூட வரமாட்டார். மற்ற மூன்று பேரும் என் ஆபீஸ்காரர்கள்.

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு முறை உண்டு. ஒருவர் பின்னால் ஒருவராக நெருங்கிப் போக வேண்டும். முன்னால் போகிறவர் காற்று முழுவதையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர்களுக்குப் பாதிப் பாடு மிச்சம். களைத்ததும் முழங்கையை ஆட்டிக் காட்டிவிட்டு, ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடலாம். அடுத்தவர் முன்னால் போவார். லோகநாதன் அண்ணன் முழங்கையை ஆட்டி நான் பார்த்ததே இல்லை, நாங்கள் வற்புறுத்தினால்தான் இடம் விடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் காற்றே படாத ஓர் இடம் இருந்தது. அது சிவகாமி அக்காவின் இடம். அதற்கு யாரும் போட்டி போட்டதில்லை. அவருக்குப் பின்னால் நான். என் முறை வரும்போது மட்டும் எனக்குத் தண்ணீர் தவிக்கும், ஷூ கயிறு அவிழும், செயின் ஏதோ சத்தம் போடுகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பயணத்துக்கு முந்தின வருடம்தான் அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மூச்சு முட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாமக்கல் லாட்ஜில் காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

"இந்த மலைய ஏற முடியலீன்னா வண்டிய யாருக்காச்சும் குடுத்துப்போட்டுப் பட்டறையிலயே உக்கோந்துக்கறேங்கறாரு. அப்படி உக்கோந்தா மனுசன் எந்திரிக்கவே மாட்டாரு. அவரு மலை ஏறோணும். ஆனா காத்துல நிக்கக் கூடாது. ரெண்டும் நடக்கோணும் சாமிகளா."

அன்றைக்குப் பார்த்து வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. சேந்தமங்கலம் ரோட்டில் புளியமரங்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டின. நாங்கள் போட்ட ஏற்பாடு சுலபமானது. அண்ணன் முறை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது ஒருவர் உற்சாகம் பொங்குகிற மாதிரி முந்திக்கொண்டு முன்னால் போய்விட வேண்டும். முதல் தடவை நான் போனேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தடவையும் நானே போனேன். அங்கேதான் குட்டு உடைந்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க நின்றோம். அண்ணன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏந்தம்பி, நீயா ரெண்டு வாட்டி முன்னால போன? கேக்காமயே?"

"ஆமாங்கண்ணா, இன்னிக்கி ஒடம்பு நல்லா இருக்குதுங்க."

"உன்ர ஆயுசுல நீ ஒருவாட்டி ஒழுங்காப் போனதில்ல. யாரு சொல்லிக் குடுத்தா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, "என்னைய நோயாளின்னு ஊர்கோலம் கூட்டிட்டுப் போறியாக்கும்" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் கிளம்பினார். நான் மீதி டீயைக் குடித்தேன். எனக்கு என்னுடையது, அவருடையது இரண்டும் தேவைப்பட்டன.

மலை ஏற்றத்தில் யாருக்கும் யாரும் துணையில்லை. அவரவர் மூச்சு அவரவருக்கு. ஆனால் அடிவாரத்திலிருந்து மலையே காற்றை மறைத்துக்கொண்டு நின்றது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அண்ணன் நிதானமாக, பாதி வழியில் குரங்குகளைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாகவே ஏறினார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மேலே ஏறி, திண்ணனூர் நாடு என்கிற மலை ஊர்ப் பக்கம் ரோடு திறந்தவெளிக்கு வந்ததும்தான் காற்று எங்கள் எல்லோரையும் ஒரு அறை அறைந்தது. மரவள்ளிச் செடிகள் தரையோடு படுத்து எழுந்தன. டீக்கடையின் தகரக்கூரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நெருங்கவே மாட்டேன் என்கிறது. அண்ணனின் வண்டி அலைந்தது. முகம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கினால் அவருக்கு எல்லாம் முடிந்தது. இறங்காவிட்டால் என்ன ஆகுமோ என்று எங்களுக்குப் பயம்.

அப்போது அக்கா ஒதுங்கி, முந்தி, அவருக்கு முன்னால் போனார்.

"தள்ளு சிவகாமி, நான் போறேன்!"

"இத்தன வருசமா நான் உங்க முதுகத்தான் பாத்துட்டு வந்தனுங்க. இன்னிக்கி ஒரு நாளு நீங்க என்ர முதுகப் பாத்துட்டு வாங்க."

அந்தச் சின்ன முதுகு அவரில் பாதியைக்கூட மறைக்கவில்லை. காற்று அக்காவை ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. ஆனாலும் முழங்கை ஆடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் ஓரமாக ஒதுங்கி நெருங்கி வந்து, ஒரு கையை எடுத்து, அக்காவின் முதுகு நடுவில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தித் தள்ளவில்லை. சாயாமல் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். இருவருக்கும் பின்னால், காற்றே படாமல், நான் வந்துகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தூசி என்று சொல்ல நினைத்தேன், கேட்க ஆளில்லை.

டீக்கடையில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, பஸ்ஸுதான் வருதல்லங்க? எதுக்குங்க இந்தப் பாடு?"

"பஸ்ஸுல வந்தா இவ முதுக எப்படிங்க பாக்கறது?" என்றார் அண்ணன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்பில் அவரைக் கண்டு நடுங்கும் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவித்த மரவள்ளிக்கிழங்கும் போண்டாவும் தின்றோம். இறங்குவதற்கு முன், அக்கா பேப்பரை மடித்து மடித்து அண்ணனின் சட்டைக்குள் செருகினார். அந்த வயிற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் முழுசும் இணைப்போடு வேண்டியிருந்தது. அவர் அதிலிருந்து ஒரு தாளை உருவி, "இந்தா, உனக்கு ஆரு வெப்பா?" என்று அக்காவின் கையில் கொடுத்தார். இறங்கும்போது எனக்கு முன்னால் இரண்டு பேப்பர்கள் படபடத்துக்கொண்டே வந்தன.

இப்போது அந்தக் கூட்டம் இல்லை. ஆபீஸ்காரர்களில் ஒருவருக்கு மூட்டு வலி, மற்ற இருவருக்கும் மாற்றல். அண்ணனின் நெஞ்சை நாங்கள் எல்லோரும் காவல் காத்தோம், அது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. சிவகாமி அக்காவைக் காக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

இந்தத் தை மாதம் அண்ணனும் நானும் மட்டும் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் போனோம். அதே ரோடு, அதே வாடைக்காற்று. அவர் முன்னால் போனார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் கிடந்தது. காற்று எனக்கு முகத்தில் அடித்தது.

"தம்பி, கிட்ட வந்துக்க. அங்க காத்தடிக்கும்" என்று கத்தினார்.

"இருக்கட்டுமுங்கண்ணா."

அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஊர் வரும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டுவிட்டே ஓட்டினேன்.