சிலுவையைத் திருப்பிக் கொண்டுவருபவன்

எருசலேம் பழைய நகரில் சிலுவையை ஏற்றத்தில் தூக்க உலகமே வரும். இறக்கத்தில் தூக்க ஜிரியெஸ் ஒருவன்தான். யாத்ரீகர்கள் சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலத்தில் மரச்சிலுவையை வாங்கி, பாடி, அழுது, கல்லறைக் கோயில் முற்றம்வரை சுமப்பார்கள். அங்கே சுவரில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அதை மறுபடி கீழே கொண்டுவந்து அடுத்த கூட்டத்துக்குக் கொடுப்பது ஜிரியெஸின் வேலை. இருபத்தேழு வருஷமாக இதே பிழைப்பு. தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி வருவான்.

"எத்தனை ஆயிரம் சிலுவை தூக்கியிருப்பய்யா நீ? ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கா?" என்று மனைவி வர்தே வாரம் ஒருமுறையாவது குத்திக்காட்டுவாள்.

"மரம்டி அது. எனக்குப் பஞ்சு மாதிரி லேசு. இதுக்கு எதுக்கு அழணும்?" என்று சிரிப்பான். சிரித்தாலும் உள்ளே உறுத்தும். எங்கிருந்தோ வந்த யாத்ரீகப் பெண் சிலுவையைத் தொட்டதுமே தேம்பி அழுகிறாள். இந்த ஊரிலேயே பிறந்து ஞானஸ்நானம் வாங்கிய தனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

அந்த வருஷம் பெரிய வெள்ளி ஊர்வலத்தில் பங்குக் கோயிலின் பெரிய சிலுவையை முன்னால் நின்று தூக்க அவன் பெயர் வந்தது. தலைகால் புரியவில்லை மனிதனுக்கு! விடிந்ததும் வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. "இன்னைக்குப் பாருடி, கண்ணுல ஆறா ஓடப்போகுது!" என்று சவால்விட்டுக் கிளம்பினான்.

பழகிய தோள் சும்மா இருக்குமா? சிலுவையை லாவகமாக ஏற்றிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தான். பாட்டுக்காரர்கள் ஒரு தெரு பின்தங்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு உதடு தன்பாட்டில் சீட்டியடித்தது!

"டேய் ஜிரியெஸ்! சிலுவை சுமக்கிறியா, டெலிவரி கொடுக்கப் போறியா?" பங்குச் சாமியார் மித்ரி மூச்சிரைக்க ஓடிவந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜிரியெஸின் முகம் செத்துப்போயிற்று. கண்ணீரும் வரவில்லை, மானமும் போயிற்று.

ஐந்தாம் ஸ்தலத்தில் நின்றார்கள். அங்கே சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. தினமும் இறங்கும்போது அவன் கையூன்றும் இடம், இன்றும் ஊன்றினான். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்பவனைப் பிடித்து ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கவைத்தார்கள் என்று சாமியார் வாசித்தார். வருஷா வருஷம் கேட்டதுதான். இன்று சுருக்கென்றது.

சீமோன் அழுததாக எங்கே இருக்கிறது? அவன் பாட்டுக்கு வந்தவன். தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். மேலே போய் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பான், தினமும் தான் திரும்புகிற மாதிரி. ஆண்டவர் திரும்பவில்லை. அந்த மரத்திலேயே அவரை அறைந்தார்கள். எனக்காக. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த அந்த ஒற்றை வார்த்தை ஜிரியெஸின் தோளில் வந்து உட்கார்ந்தது.

ஏற்றம் தொடங்கியது. பத்தடியில் தோள் அழுந்தியது. இருபதடியில் முழங்கால் கல்லில் மோதியது.

"விடுண்ணே, நான் தூக்கறேன்!" என்று சிலுவையின் பின்முனையைத் தாங்கிவந்தவன் பதறினான்.

"கையை எடுடா!" என்று கத்தினான் ஜிரியெஸ். எழுந்தான். படிக்குப் படி நின்று நின்று ஏறினான்.

முற்றத்தில் வர்தே காத்திருந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்து, முட்டி கிழிந்து வந்து நின்றவனைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னய்யா ஆச்சு? அழுதியா?"

"அழலடி!" முகமெல்லாம் சிரிப்பு, ஊருக்கே கேட்கும் குரல். "கனமா இருந்துச்சுடி வர்தே! இருபத்தேழு வருஷத்துல இன்னைக்குத்தான் கனமா இருந்துச்சு!"