கேட் முன்னால் கழலாத கால்

காலை ஐந்து ஐம்பதுக்கு அல்வால் ரயில்வே கேட் இறங்குவதைப் பார்த்தேன். அந்த வார ஞாயிறு பாலாநகரில் சைக்கிள் பந்தயம். அதற்காக ஜெர்மனியிலிருந்து மைத்துனர் அனுப்பிய பெடலையும் ஷூவையும் அன்றுதான் முதல்முறையாகச் சாலைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஷூவின் அடியிலுள்ள கட்டை பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

பிரேக் பிடித்தேன். பழைய பழக்கத்தில் காலை மேலே இழுத்தேன், வரவில்லை. வலப்பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக இடப்பக்கம் சாய்ந்தேன். ரயில்வே பட்டறைக்குப் போகும் வழியில் அங்கே சைக்கிளோடு நின்றிருந்த அருள்ராஜ் மீது நான் விழ, அவர் அடுத்தவர் மீது விழ, நான்கு சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்தன.

"அண்ணே, எதுக்கு இந்தக் கூத்து? கால சைக்கிளோட வெல்டிங் வச்சுட்டீங்களா?" என்றார் அருள்ராஜ், படுத்தபடியே.

விழுந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். என் கால் மட்டும் இன்னும் பெடலிலேயே இருந்தது. அருள்ராஜே எழுந்து வந்து என் குதிகாலைத் திருப்பி விடுவித்தார்.

இப்போதெல்லாம் நிற்க வேண்டிய இடத்துக்கு இருபதடி முன்பே இடது காலைக் கழற்றிவிடுகிறேன். பந்தயத்தில் எங்கும் விழாமல் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்த அருள்ராஜ் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.